பகலில் உறங்குபவருக்கு ஒரு மின்விசிறி

ஊர் உறங்கும் நேரத்தில் விழித்திருப்பவர்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். காவலர், செவிலியர், இரயில் ஓட்டுநர் என்று பட்டியலிட்டுப் பாராட்டுகிறோம். பாராட்டத்தான் வேண்டும். ஆனால், அவர்கள் மறுநாள் பகலில் எங்கே, எப்படி உறங்குகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. இரவில் விழித்திருப்பது ஒரு வேலை என்றால், பகலில் உறங்குவது அதைவிடக் கடினமான வேலை என்பேன். அதிலும் சித்திரை மாதத்தில், குமாரபாளையத்தில், சிமெண்டுச் சீட்டு வேய்ந்த வீட்டில்!

எங்கள் ஊரை அறியாத நண்பர்களுக்கு ஒரு சொல். காவிரியின் அக்கரையில் பவானி, இக்கரையில் நாங்கள். தெருவுக்குத் தெரு விசைத்தறிக் கூடங்கள். என் தந்தையார் அத்தகைய கூடம் ஒன்றில் தறி ஓட்டுகிறார். ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு. இரவு எட்டு மணிக்குச் சென்றால் காலை எட்டு மணிக்குத் திரும்புவார். குளித்து, பழைய சோறோ இட்டிலியோ உண்டுவிட்டுக் கட்டிலில் சாயும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். வெயில் அப்போதுதான் தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

சென்ற கோடையில் ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் கூறிய செய்தியை நான் அடுப்படியில் இருந்து கேட்டேன். "விடியால மூணு மணி இருக்கும். கண்ணு சொக்கிருச்சு. முழிச்சுப் பாக்கறதுக்குள்ள நாடா தெறிச்சுப் போயி எதிர்ச் செவுத்துல அடிச்சுது. நல்ல வேள, அங்க ஆள் இல்ல." தறியில் இழைகளுக்கு நடுவே வலமும் இடமுமாக ஓடும் ஓடத்தைத்தான் எங்கள் பக்கத்தில் நாடா என்போம். இரு முனைகளிலும் இரும்பு பூண்ட கட்டை அது. அது தடம் மாறித் தெறித்தால் கண் போகும், பல் போகும். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அன்றிரவே வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. எங்கள் வீட்டில் சீட்டுகள் இரண்டு. ஒன்று தலைக்கு மேல் இருப்பது; மற்றொன்று அம்மா மாதந்தோறும் கட்டுவது. இரண்டாவது சீட்டை எடுத்து முதல் சீட்டின் கொடுமையைத் தணிப்பது என்று முடிவாயிற்று. படுக்கையறைக்குக் கூரை விசிறி ஒன்று வாங்க வேண்டும். படுக்கையறை என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, பத்தடிக்குப் பத்தடி கொண்ட அந்த அறை இரவில் என் படிப்பறை; அரிசி மூட்டை வந்தால் களஞ்சியம். அதுவரை அங்கே காற்று வீசியது, 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மிக்சி, கிரைண்டருடன் எங்களுக்குக் கிடைத்த விலையில்லா மேசை விசிறி. பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டது. தலையைத் திருப்பும் ஆற்றலை இழந்து ஒரே திசையை நோக்கியபடி முனகிக்கொண்டிருந்தது. மூப்பை யாரால் தடுக்க முடியும்?

நான் இயற்பியல் மூன்றாமாண்டு மாணவி. ஆகவே விசிறியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தானாகவே என் தலையில் விழுந்தது. "பிசிக்ஸ் படிக்கிற புள்ளைக்கு இது கூடத் தெரியாதா?" என்பது எங்கள் வீட்டில் குழல்விளக்கு முதல் குக்கர் விசில் வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும் வினா.

முதலில் ஓர் உண்மையை என் வீட்டாருக்கு விளக்க வேண்டியிருந்தது. மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. அறையில் ஒருவரும் இல்லாமல் நாள் முழுதும் விசிறியை ஓட்டினால், அறை சிறிது சூடாகுமே தவிரக் குளிராது. மோட்டார் உண்ணும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகத்தானே மாற வேண்டும்? விசிறி குளிர்விப்பது மனிதனை. தோலின்மேல் ஊறும் வியர்வையைக் காற்று ஆவியாக்கிக் கொண்டுபோகிறது. ஆவியாகும் நீர் உடலின் வெப்பத்தையும் உடன் எடுத்துச் செல்கிறது. அவ்வளவே. நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 முதல் 35 டிகிரி செல்சியஸ். வீசும் காற்று அதைவிடச் சூடாக இருந்தால், அந்தக் காற்றே உடலுக்கு வெப்பத்தை ஊட்டத் தொடங்கும். வியர்வை அதனோடு போராடி வெல்லும் வரையில் நன்மை. தோற்றால் விசிறியே அடுப்பு ஊதும் குழலாகிவிடும்.

எதிர் வீட்டுப் பெரியம்மா இதைப் பாடப்புத்தகம் இல்லாமலே அறிந்திருந்தார். அவர்கள் வீட்டிலும் எங்களைப் போலவே சிமெண்டுச் சீட்டு. கூரை விசிறி உண்டு. "மத்தியானத்துல அதப் போட்டா அனலாக் கொட்டுது கண்ணு. அணைச்சுப் போட்டு ஓலை விசிறில வீசிக்குவேன்" என்றார். காரணம் எளிது. சூடான காற்று மேலே நிற்கும். வெயிலில் காய்ந்த சீட்டின் அடியில் அது ஒரு போர்வை போலப் படிந்திருக்கும். கூரை விசிறி அந்தப் போர்வையைத்தான் இழுத்துக் கீழே தள்ளுகிறது. தரையருகே உள்ள காற்றை வீசும் மேசை விசிறிக்கு இந்தக் குற்றம் கிடையாது. துறை ஆய்வகத்திலிருந்து ஆசிரியரின் அனுமதியுடன் இரவல் பெற்ற வெப்பமானியைக் கொண்டு, ஒரு ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் அறையில் அளந்து பார்த்தேன். கட்டில் உயரத்தில் 37 டிகிரி. சீட்டுக்குச் சற்றுக் கீழே 43. இந்த 43ஐக் கீழே கொண்டுவந்து அப்பாவின்மேல் கொட்டுவதற்கா சீட்டுப் பணத்தைச் செலவிடுவது?

ஆகையால் கடைக்குச் செல்லுமுன் கூரைக்குச் சென்றோம். சீட்டின் மேற்புறம் முழுவதும் சுண்ணாம்பைக் குழைத்து, பசைக்குச் சிறிது வச்சிரம் கலந்து இரண்டு பூச்சுப் பூசினோம். கட்டில் வரும் பகுதிக்கு மேலே தென்னங்கீற்று இரண்டு அடுக்குப் பரப்பி, காற்றில் பறக்காமல் கயிற்றால் கட்டினோம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கீற்று நிழல் தரும். மறு ஞாயிறு அதே நேரத்தில் கட்டில் உயரத்தில் 34, மேலே 36. இவ்வளவுக்கும் ஆன செலவு விசிறியின் விலையில் பாதிகூட இல்லை. சீட்டு வீட்டில் வாழும் நண்பர்கள் மற்றவற்றை மறந்தாலும் இதை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

இனிக் கடைக்கு வருவோம். ஆனால், அதற்குமுன் சிறு கிளைக்கதை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் பங்களாக்களிலும் நீதிமன்றங்களிலும் கூரையிலிருந்து பங்கா தொங்கும். அதன் கயிற்றை இழுப்பதற்கென்றே ஓர் ஆள் வராந்தாவில் அமர்ந்திருப்பார். உள்ளே துரை உறங்க வேண்டுமானால் வெளியே அவர் விழித்திருக்க வேண்டும். பிறகு 1880களில், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பிலிப் டீல் என்பவர், சிங்கர் தையல் இயந்திரத்துக்காகத் தாம் அமைத்த மின்மோட்டாரிலேயே இறக்கைகளைப் பூட்டிக் கூரையில் தொங்கவிட்டார். கூரை மின்விசிறி பிறந்தது. இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நம்ம ஜவுளிக்காரங்க சொந்தந்தான்!" என்றார். அவர் மகிழ்ச்சிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கடையில் மேலே அண்ணாந்து பார்த்தால் விசிறிகளின் காடு. விளக்கு பொருத்தியது, மரநிறம் பூசியது, ஐந்து இறக்கை கொண்டது, பொன்முலாம் போன்ற வளையம் கொண்டது. கடைக்காரர் நல்ல மனிதர். எங்களுக்கு அழகான ஒன்றை விற்றுவிட வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். அம்மாவின் கண்ணும் ஒரு பூ வேலைப்பாட்டின்மேல் சற்று நின்றது உண்மை. நான் கேட்ட கேள்விகள் மூன்றுதாம். இறக்கையின் வீச்சு எவ்வளவு? நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று? எத்தனை வாட்?

பத்தடி அறைக்கு 1200 மில்லிமீட்டர், அதாவது 48 அங்குல வீச்சு சரியாக இருக்கும். காற்றின் அளவை வாட்டால் வகுத்தால் வருவதே விசிறியின் தகுதி. 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. முத்திரைச் சீட்டில் இந்தக் கணக்கு அச்சிட்டே வருகிறது. பழைய முறையிலான விசிறி 75 வாட்டில் நிமிடத்துக்கு 220 கன மீட்டர் காற்றைத் தந்தால், தகுதி மூன்றுக்கும் குறைவு. பி.எல்.டி.சி. எனப்படும் புதுமுறை மோட்டார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். தகுதி ஏழுக்கு மேல். பழைய மோட்டாரில் செப்புச் சுருளின் காந்தப்புலம், வெளியே உள்ள ஓட்டில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைச் சுழற்றுகிறது. அந்தத் தூண்டலில் ஒரு பங்கு வீணே வெப்பமாகிறது. புதியதில் வெளி ஓட்டில் நிலைக்காந்தங்களே பதிந்துள்ளன. ஒரு சிறு மின்னணு அட்டை, எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தர வேண்டும் என்று முறை பார்த்துக் கொடுக்கிறது.

விலை? பழைய முறை ரூ.1,700. புதுமுறை ரூ.2,900. அம்மாவின் முகம் மாறியது.

நான் கணக்குப் போட்டேன். இரவு ஷிப்டு வாரத்தில் பகலில் அப்பாவுக்கு, இரவில் எங்களுக்கு என்று நாளொன்றுக்குப் பதினாறு மணிநேரம் விசிறி ஓடும். இப்படியே இரண்டு மாதம் ஓடினால் 75 வாட்டு விசிறி 72 யூனிட் உண்ணும். 30 வாட்டு விசிறி 29 யூனிட்டுக்குள் முடித்துவிடும். எங்கள் மற்றச் செலவு 60 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது. அந்தக் கணக்கில் 132 என்பது எல்லைக்கு அப்பால். 89 எல்லைக்கு உள்ளே. ஆகா, வெற்றி என்று கூவத் தோன்றுகிறதல்லவா? கூவவில்லை. எல்லை தாண்டிய 32 யூனிட்டுக்கு வரும் கட்டணம் சிறிது. அந்தச் சேமிப்பைக் கொண்டு 1,200 ரூபாய் வேறுபாட்டை ஈடுகட்டச் சில ஆண்டுகள் ஆகும். நிறைய மின்சாரம் செலவழிக்கும் வீட்டுக்குச் சொல்லும் காரணத்தை எங்களைப் போன்ற வீட்டுக்கும் அப்படியே சொல்வது நேர்மையாகாது.

எங்களுக்கு முடிவைத் தந்தது வேறொன்று. தறிகள் எல்லாம் ஓடத் தொடங்கினால் எங்கள் தெருவில் மின்னழுத்தம் தாழும். குண்டு பல்பு மஞ்சளாகிவிடும். தூண்டல் மோட்டாரின் சுழற்றும் விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பது நாம் படித்ததே. அழுத்தம் 230லிருந்து 170க்கு இறங்கினால் விசை ஏறத்தாழப் பாதியாகிவிடும். விசிறி சோம்பேறி போலச் சுற்றும். புதுமுறை விசிறியின் அட்டையோ, அழுத்தம் தாழ்ந்தாலும் மோட்டாருக்கு வேண்டியதைச் சீராகத் தந்துகொண்டிருக்கும். அப்பா உறங்கும் பகற்பொழுதும் தறிகள் ஓடும் பகற்பொழுதும் ஒன்றேதான். காற்று மிக வேண்டிய நேரத்தில் மெலியாத விசிறியே எங்களுக்கு வேண்டியது.

மின்வேலை தெரிந்த என் தாய்மாமா இதற்கு மறுப்புச் சொன்னார். "சாதா பேன்ல கண்டென்சர் போனா அம்பது ரூவா, அஞ்சு நிமிசத்துல மாத்திருவேன். இதுல கார்டு போச்சுன்னா கம்பெனி ஆளைத் தேடோணும் புள்ள." அவர் சொன்னதில் பிழையில்லை, இன்றும் அதை நான் மறுக்கவில்லை. உத்தரவாதச் சீட்டில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, ரூ.2,900 கொடுத்தோம். பூ வேலைப்பாடு இல்லாத வெள்ளை விசிறி. அம்மா திரும்பிப் பாராமல் வந்தார்.

எங்கே மாட்டுவது என்ற வினா அடுத்தது. எங்கள் கூரை ஒருபக்கச் சாய்ப்பு. மேற்குச் சுவர் எட்டடி. கிழக்குச் சுவர் பதினோரடி. அப்பாவின் கட்டில் மேற்கே தாழ்ந்த பக்கம். சன்னலை ஒட்டி உயர்ந்த பக்கத்தில் என் பாயும் புத்தகங்களும். அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். "உன்ற பக்கமே மாட்டு சாமி. நீ படிக்கோணும். எனக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வரும்."

எங்கே படுத்தாலும் தூக்கம் வருகிறவர் தறியில் ஏன் கண் சொக்கினார் என்று கேட்க நா எழுந்தது. கேட்கவில்லை. "உங்களுக்காகத்தானுங்கப்பா வாங்கினோம்" என்றேன். "எனக்காகன்னா நான் சொல்றதக் கேளு" என்றார். தந்தையர் வாதத்தில் தோற்பதே இல்லை.

ஒரு தாளில் அறையின் குறுக்குவெட்டை வரைந்தேன். பத்தடி அகலத்தில் கூரை மூன்றடி உயர்கிறது, அடிக்கு 0.3 அடி. விசிறியின் இறக்கை ஒருபுறம் இரண்டடி நீளும். ஆள் கையை உயர்த்தினாலும் படாதிருக்க, இறக்கை தரையிலிருந்து எட்டடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கூரைக்கும் இறக்கைக்கும் இடையே ஓரடியாவது வேண்டும். இல்லையேல் மேலிருந்து காற்று வந்து சேர வழியின்றி விசிறி வெறுமனே சுற்றும். மேற்கே இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற இடமே இல்லை. கிழக்குச் சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளி மாட்டினால், அங்கே கூரை ஏறக்குறையப் பத்தடி. இறக்கை எட்டேகால் அடியில் நிற்கும். தாழ்ந்த பக்க முனையிலும் ஓரடி இடைவெளி கிடைக்கும். ஆக, அப்பா சொன்ன பக்கமே சரி. ஆனால் விசிறி கட்டிலைத் தேடிப் போக முடியாவிட்டால், கட்டில் விசிறியைத் தேடி வரலாமே! கட்டிலைக் கிழக்கே நகர்த்திச் சரியாக விசிறியின் கீழ் போட்டோம். கொதிக்கும் சீட்டுக்கும் அவருக்கும் உள்ள தொலைவும் கூடிற்று. என் பாய் கட்டிலின் கால்மாட்டுக்குச் சென்றது. அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, தாமே கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார்.

கான்கிரீட் வீடுகளில் தளம் போடும்போதே கம்பியோடு பிணைத்து விசிறிக் கொக்கி விட்டிருப்பார்கள். சீட்டு வீட்டில் ஏது கொக்கி? சுவருக்குச் சுவர் போட்ட இரண்டு அங்குல இரும்புக் குழாய்கள்மேல் சீட்டுகள் ஜே போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். அந்தக் குழாய்தான் எங்களுக்குத் துணை. சீட்டில் துளையிடுவது கூடவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சீட்டாக இருந்தால் துளையிடும் தூசி நுரையீரலுக்குக் கேடு. தவிர, விசிறியின் கனத்தைத் தாங்கும் வலுவும் சீட்டுக்குக் கிடையாது.

மாமா லேத்துப் பட்டறையில் தடித்த இரும்புப் பட்டையை வளைத்து, குழாயை இருபுறமும் கவ்வும் கிளாம்பு ஒன்று செய்து வந்தார். குழாய்க்கும் கிளாம்புக்கும் இடையே சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினார். வழுக்காது, அதிர்வும் குழாய்க்கு ஏறாது. நட்டுகளை இறுக்கிய பின், கிளாம்பைப் பிடித்துக்கொண்டு தாமே தொங்கினார். விசிறி ஐந்து கிலோவுக்குள்தான் இருக்கும். மாமா அறுபதுக்கு மேல். குழாய் அசையவில்லை. என் ஒன்பது வயதுத் தம்பி கைதட்டினான். சுற்றும் பொருளைத் தொங்கவிடும் முன் இப்படிப் பல மடங்கு கனத்தால் சோதிப்பதே முறை என்று மாமா கூறினார். எந்த வகுப்பில் படித்தாரோ, அறியேன்.

மெயினை அணைத்து, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "இத வெச்சிருக்கறவங்கதான் இன்னிக்கு ராசா. வேற யார்கிட்டயும் குடுக்காத." அதன் பிறகும் டெஸ்டரை வைத்து ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்தார். அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கை வேறு, அணைந்திருக்கிறது என்ற அறிவு வேறு. பழைய ரெகுலேட்டரைக் கழற்றி, கம்பியை நேரடியாகச் சுவிட்சுக்கே இணைத்தார். புதுமுறை விசிறிக்கு அது வேண்டியதில்லை. இருந்தால் மின்னணு அட்டைக்குக் கேடு. பச்சைக் கம்பியை, அதாவது நிலத்தொடர்பை, பலர் வெட்டிச் சுருட்டி விட்டுவிடுவார்கள். மாமா அதையும் முறையாகப் பூட்டினார்.

தொங்கவிடும் வேலைக்கு இருவர் வேண்டும். மாமா ஏணியில், மோட்டாரை ஏந்திக் கொடுக்க, முக்காலியின்மேல் நான். "பொம்பளப் புள்ளய எதுக்கு மேல ஏத்தறே?" என்றார் அப்பா. "மாமா, கணக்குப் போட்டவளே ஏறட்டும்" என்றார் என் மாமா. ராடின் மேல்முனையைக் கொக்கியில் ரப்பர் உருளையோடு கோத்து, போல்ட்டைச் செருகி, நட்டை இறுக்கி, அதன் துளையில் காட்டர் பின்னை நுழைத்து, அதன் இரு கால்களையும் விரித்து வளைத்தார். நட்டு அதிர்வில் மெல்லக் கழன்றாலும் அந்தச் சிறு பின் போல்ட்டை விடாது. விழும் விசிறிகளில் பல இந்தப் பின் இல்லாமல் விழுபவை என்பது அவருடைய அனுபவம். அதற்கும் மேலாக, எஃகுக் கம்பிக் கயிறு ஒன்றை ராடில் கோத்துக் குழாயில் தனியே கட்டினார். முதல் கட்டு போனாலும் இரண்டாம் கட்டு நிற்கும்.

இறக்கைகளை அப்பா துணியில் பொதிந்து மடியில் வைத்திருந்தார். ஒன்று வளைந்தாலும் விசிறி தள்ளாடும். மூன்றையும் பூட்டியபின், சுவரோரமாக ஒரு குச்சியை நட்டு, ஒவ்வோர் இறக்கையின் முனையும் குச்சியின் அதே கோட்டுக்கு வருகிறதா என்று கையால் சுழற்றிப் பார்த்தோம். ஒன்று மட்டும் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. அதன் திருகாணிகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்கியதும் சரியாயிற்று.

பியூஸ் கட்டைகளை ராசா திருப்பிக் கொடுத்தார். அப்பா சுவிட்சைப் போட்டார். இறக்கைகள் சுழன்றன; முனகல் இல்லை, ஆட்டம் இல்லை. அப்பா காதைச் சாய்த்தார். "ஓடுதா?" என்றார். ஆயுளெல்லாம் தறியின் இரைச்சலில் வாழ்ந்த காது. சத்தமில்லாமல் ஒரு மோட்டார் ஓடும் என்பதை ஒப்புக்கொள்ள அதற்குச் சிறிது நேரம் பிடித்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவர் படுத்தார். முன்பெல்லாம் பன்னிரண்டு மணிக்கே வியர்த்து விழித்து, துண்டை நனைத்துப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் வந்து அமர்வார். அன்று பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. அம்மா வாசலில் காவல் இருந்து, கீரைக்காரப் பாட்டியை விரலை வாயில் வைத்துத் திருப்பி அனுப்பினார். தம்பிக்குக் கட்டில்மேல் ஏறிக் குதிக்கக் கூடாது என்ற சட்டம் அன்றே இயற்றப்பட்டது. கட்டில் ஒன்றரை அடி, அவன் உயரம் நாலேகால் அடி, தூக்கிய கையும் ஒரு குதியும் சேர்ந்தால் மிச்சம் சில அங்குலமே என்று நான் சொன்ன கணக்கைவிட, அம்மா காட்டிய கரண்டி அவனுக்கு எளிதில் விளங்கியது. மூன்றே முக்காலுக்கு அப்பா எழுந்து வந்து, "மணி என்ன, பத்தா?" என்று கேட்டார்.

அந்த வாரக் கடைசியில், கூலி வாங்கி வந்த இரவில், சோற்றைப் பிசைந்துகொண்டே பொதுவாகச் சொன்னார்: "இந்த வாரம் மூணு மணிக்குக் கண்ணு சொக்கல." அம்மா இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றினார்.

எங்கள் ஊரில் காற்றிலும் பஞ்சு இருக்கும். இறக்கையின் முன்விளிம்பில் அது கருப்பாகப் படிந்தால் காற்றுக் குறையும். ஆகவே மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு அப்பாவே முக்காலியில் ஏறிப் பழைய கைலித் துணியால் துடைக்கிறார். மூன்று மாதம் ஆனதும் மாமா ஸ்பேனரோடு வந்து கிளாம்பு நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்த்தார். ஒன்று கால் திருகு இறங்கியது; மற்றவை அசையவில்லை. காட்டர் பின்னின் கால்கள் நாங்கள் வளைத்த வளைவிலேயே இருந்தன.